மஞ்சள் துளைக்குச் சிவப்பு மூடி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முன்னறையில் புதிய திரைக்கு ஒயர் மாட்டியது. திரையைத் தம்பி வாங்கிக் கொடுத்திருந்தான். ஆள் வந்து சுவரில் பொருத்திவிட்டுப் போய்விட்டார். மற்றதெல்லாம் என் பொறுப்பு. நான் வேலை பார்ப்பது மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில். அதனால் வீட்டில் எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்றாலும் அது என் தலையில்தான் விடியும்.

மாட்ட வேண்டியவை: செட்டாப் பாக்ஸ், டிஸ்க் ப்ளேயர், இணையத்திலிருந்து படம் காட்டும் ஒரு சின்னக் குச்சி, என் பழைய லேப்டாப். எல்லாமே முதலில் ரிசீவருக்குள் போகும். ரிசீவர் ஒரு கனமான கறுப்புப் பெட்டி, முதுகு முழுக்கத் துளைகள். அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் திரைக்கு. ஒலி தனியே பிரிந்து ஸ்பீக்கர்களுக்கு.

நான் அலமாரிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டும்மா.”

“எந்தப் பக்கம் காட்டினாலும் உன் தலைதான் மறைக்குது.”

“டார்ச் என் மேல வேண்டாம், பெட்டி மேல.”

“நரைச்சிருக்குடி உனக்கு. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

ஒவ்வொரு ஒயரும் உள்ளே போனதும் அம்மா மருத்துவமனை வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, பெயர் எழுதி, ஒயரின் கழுத்தில் சுற்றினாள். அந்த பிளாஸ்திரிச் சுருள் அவள் ஓய்வு பெற்ற அன்று பையோடு வீட்டுக்கு வந்தது. தீராத சுருள்.

டிஸ்க் ப்ளேயரைப் போட்டோம். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது.

“படம் எங்க?”

“வரும். ரெண்டு பெட்டியும் பேசிக்குது.”

“என்னன்னு?”

“நீ யாரு, உன்னால எவ்வளவு பெரிய படம் காட்ட முடியும், நீ திருட்டுத்தனமா நகல் எடுக்கற ஆளான்னு. பதில் சரியா இருந்தாத்தான் படத்தை விடும்.”

அம்மா டார்ச்சை அணைக்காமலே யோசித்தாள். வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. “அப்ப உள்ள ஒருத்தி உக்காந்திருக்கா,” என்றாள். “ரெண்டு பேரும் எடுத்துட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் லைன் குடுக்கறா.”

படம் வந்தது. அம்மா படத்தைப் பார்க்கவில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொன்னாள், அந்தக் கறுப்பு இடைவெளியை இன்னொரு முறை பார்க்க.

எல்லாம் முடிந்தபின் ரிசீவரின் முதுகில் ஓரமாக மூன்று துளைகள் மிச்சம் இருந்தன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. பழைய காலத்து இணைப்பு. அதில் மாட்டுகிற சாமான் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

“இது இனிமே சும்மாதான் இருக்கும்,” என்றேன்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனா மூடியை எடுத்தாள். முக்காலியை விட்டு இறங்கி, என்னைத் தாண்டிக் கை நீட்டி, மஞ்சள் துளையின் மேல் அதைச் செருகினாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. முன்பே அளவு பார்த்திருக்கிறாள்.

“இது பிஸி,” என்றாள்.

“ஒண்ணுமே மாட்டலையேம்மா?”

“மாட்டலைன்னா என்ன, ஒதுக்கியாச்சு.”

“யாருக்கு?”

“வரும்போது பாத்துக்கோ.”

நான் சிரித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனேன். அடுத்த மாதம் ஒரு காலையில் வெளியே கிளம்பிய அம்மா, செருப்பு மாட்ட வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம். கையில் வெறும் துணிப்பை. எங்கே கிளம்பினாள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெருமுனைக் கடைக்கு என்றால் அவள் அந்த நல்ல புடவையைக் கட்டியிருக்கமாட்டாள்.

*

அம்மா வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில். பள்ளி முடித்த கையோடு சேர்ந்தாள். அப்போது அது சுவர்போல நிற்கும் பலகை. வார்டுக்கு ஒரு துளை, டாக்டருக்கு ஒரு துளை. மேசையிலிருந்து முளைத்தாற்போல ஒயர்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பித்தளைப் பின். யார் யாரோடு பேச வேண்டுமோ, அந்த இரண்டு துளைகளையும் ஒயரால் சேர்க்க வேண்டும். பிறகு பொத்தான் பலகை வந்தது, அதன் பின் கம்ப்யூட்டர். அம்மா எதற்கும் மூக்கால் அழவில்லை. “விரலுக்குத்தான் வேலை மாறிச்சு. வாய்க்கு அதே வேலைதான்,” என்பாள்.

ஆனால் பழைய பலகையின் பழக்கங்கள் உடம்பில் தங்கிவிட்டன. வீட்டில் போனை எடுத்தால் “சொல்லுங்க, யார் வேணும்?” என்பாள். எங்களைத்தவிர வேறு யார் அங்கே இருக்கப்போகிறார்கள்? டிவியில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சேனல் மாற்றவிட மாட்டாள். “பேசிட்டு இருக்காங்கடா, முடிக்கட்டும்” என்று ரிமோட்டைத் தம்பியிடமிருந்து பிடுங்குவாள். தொடர்களில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். தம்பி பார்த்த கிரிக்கெட்டெல்லாம் பாதி கிரிக்கெட்.

அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயரை மாட்டும் விதமும் அப்படித்தான். பின்னை ஒரேயடியாக அழுத்த மாட்டாள். நடு முனையை மட்டும் துளையில் லேசாகத் தொடுவாள். ஸ்பீக்கர் ‘ர்ர்ர்’ என்று உறுமும். தலையாட்டிவிட்டுப் பிறகு அழுத்துவாள். அந்த உறுமல் பின்னின் வடிவத்தில் உள்ள குறை. சுற்றியிருக்கும் எர்த் வளையம் தொடுவதற்கு முன்பே நடுமுனை தொட்டுவிடுகிறது. கல்லூரியில் படித்துவிட்டு வந்து இதை விளக்கினேன்.

“முதல்ல வால்யூமைக் குறைக்கணும்மா. ஸ்பீக்கர் போயிடும்.”

“அது காது குடுத்துக் கேக்குதான்னு தெரியாம எப்படி உள்ள போறது? கதவைத் தட்ட வேண்டாமா?”

ஒரு ஸ்பீக்கர் போகவும் செய்தது. “தட்டினது கொஞ்சம் பலமாயிடுச்சு” என்றாள்.

எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அப்பா போனபின், எங்கள் படிப்பெல்லாம் முடிகிற சமயத்தில், தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் ஒரு வீடியோ கேமரா. சின்ன டேப் போட்டு எடுக்கும் வகை. எல்லோரும் அதில் கல்யாணம் எடுப்பார்கள். அம்மா மருத்துவமனை லிஃப்ட் கதவை எடுத்துவந்தாள். வாஷிங் மெஷின் சுற்றி நிற்பதை எடுத்தாள்.

“கதவை எதுக்கும்மா எடுத்த?”

“மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்குது பாரு. அப்புறம்தான் மூடுது.”

பார்த்தேன். யோசிக்கத்தான் செய்தது.

பலகையில் அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூல் வெளிலைன் பெரியம்மாவுடையது. மருத்துவமனைக்கு உள்ளேயே வார்டுக்கு வார்டு போகும் அழைப்புகள் அம்மாவுக்கு, வெளியிலிருந்து வருபவை அவருக்கு. அதனால் அந்தப் பெயர். அம்மாவைவிடச் சில வருடம் மூத்தவர். அம்மாவுக்கு அக்கா, எங்களுக்குப் பெரியம்மா. ரத்த சம்பந்தம் கிடையாது, அதைவிட நெருக்கம். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போன் வருவது அவரிடமிருந்துதான்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்தப் போன் நின்றுபோனது. நான் அப்போது வெளியூர் விடுதியில். ஏன் என்று கேட்டதற்கு “லைன் டெட்” என்றாள் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவின் கடைசிக் காரியத்தன்று பெரியம்மா வந்தார். கேட்டுக்கு வெளியே, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றார். நான் பார்த்து வெளியே போவதற்குள் போய்விட்டார்.

*

வாடகை வீடு. காலி செய்ய வேண்டும். திரையும் ரிசீவரும் தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவு. ஒரு ஞாயிறு காலையில் ஒயர்களைக் கழற்ற உட்கார்ந்தேன். பிளாஸ்திரிப் பெயர்களைப் படிக்காமல் கழற்றப் பார்த்தேன். முடியவில்லை. அப்போதுதான் சிவப்பு மூடி கண்ணில் பட்டது.

கழற்றினால் கையோடு வரும். கழற்றவில்லை. யாருக்கு ஒதுக்கினாள்?

கணக்கு எளிது. மஞ்சள் துளைக்கு வருவது பழைய சாமானாகத்தான் இருக்கும். பழைய கேசட் ப்ளேயர் எப்போதோ பேரீச்சம்பழக்காரனிடம் போய்விட்டது. மிச்சம் கேமரா. அலமாரி, பரண், கட்டிலடி எல்லாம் தேடினேன். காலி உறை கிடைத்தது. கேமரா இல்லை.

“அம்மா கேமராவை எங்கடா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“அதுவா? டெஸ்டர் கடையில இருக்கும். நான்தான் அம்மாவை வண்டியில கொண்டுபோய் விட்டேன்.”

“எப்போ?”

“திரை வாங்கினதுக்கு அப்புறம். இவ்ளோ பெரிய திரையில ஒண்ணு பாக்கணும்டான்னு சொன்னாங்க. என்னன்னு கேட்டா, உன் மூக்கை எங்க நுழைக்கறேன்னாங்க.”

டெஸ்டர், கடைத்தெருவில் டிவி, மிக்ஸி பழுதுபார்ப்பவர். காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால் அவருக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மேசை மேல் கிடந்த ஒரு மோட்டாரை ஓரமாகத் தள்ளினார்.

“கேமரா ரெடிம்மா,” என்றார். “டேப் சுத்தற பெல்ட் போயிருந்துது, மாத்திட்டேன். ஆனா பக்கத்துல திறக்குமே, அந்தக் குட்டித் திரை செத்துப்போச்சு. கண்ணு வெச்சுப் பாக்கற இடமும் இருட்டு. ஸ்பேர் கிடைக்காது. ஒயர் போட்டு டிவியிலதான் பாக்கணும்.”

“டேப்?”

“உள்ளயே இருக்கு. வேற டேப் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு, அதைத் திருப்பி வெச்சுட்டேன். அதைப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

“ஒயர்?”

அவர் காதிலிருந்து டெஸ்டரை எடுத்தார், மறுபடி செருகினார். “அது ஒரு கதைம்மா. என்கிட்ட ஒயர் இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னேன். வேண்டாம்னாங்க. என் ஒயர் ஒரு இடத்துல இருக்கு, அதை வாங்கிக்கறேன்னாங்க. ஏம்மா, நான் குடுக்கற ஒயர்ல படம் வராதான்னு கேட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க.”

அவர் சொன்னது இது. வெளிலைன் பெரியம்மாவின் பிரிவு உபசாரத்தை அம்மா அந்தக் கேமராவில் எடுத்தாள். பெரியம்மா எழுந்து பேசத் தொடங்கினார். பேச்சு நீண்டது. நடுவில், கேமராப் பக்கமிருந்து ஒரு குரல்: “போதும், லைனை கட் பண்ணு.” கூடம் முழுக்கச் சிரிப்பு. பெரியம்மா அரை வாக்கியத்தில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அம்மாவிடம் கேட்டார்: ஏன் சொன்னாய்? நான் சொல்லவில்லை என்றாள் அம்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா என்றார் அவர். காலமெல்லாம் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தவர். போனில் தும்மினால்கூட யார் என்று சொல்வார்.

டேப்பைப் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். மைக் இருப்பது கேமராவின் நெற்றியில். எடுப்பவர் வாயைத் திறந்தால் மற்ற எல்லாக் குரலையும்விட அதுதான் பெரிதாக விழும். ஆனால் கேமரா அம்மாவிடம், அதன் ஒயர் பெரியம்மாவிடம். அதற்கு முந்தைய வாரம் பேத்தியைப் படமெடுக்கக் கேமராவை வாங்கிப்போனவர், திருப்பித் தந்தபோது ஒயரை மறந்துவிட்டிருந்தார். அந்தக் கேமராவின் ஒயர் பொதுவான ஒயர் இல்லை. ஒரு முனையில் ஊசிமாதிரி ஒரு பின், அதில் நான்கு வளையங்கள். வேறு ஒயரைப் போட்டால் மஞ்சளில் வர வேண்டிய படம் சிவப்பில் வந்து நிற்கும். குட்டித் திரை அப்போது நன்றாகத்தான் இருந்தது. அதில் தனியாகப் பார்க்க அம்மாவுக்கு மனமில்லை. ‘அவ வரட்டும், சேந்து பாப்போம்’ என்று இவள். ‘அவளே வந்து ஒயரைக் கேக்கட்டும்’ என்று அவர். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

“அம்மா சொல்லியிருக்கமாட்டாங்க,” என்றேன் நான்.

டெஸ்டர் என்னை நேராகப் பார்க்கவில்லை. “நானும் அதையேதான் சொன்னேன். அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘மனசுக்குள்ள நினைச்சேம்பா. அது நல்லா ஞாபகம் இருக்கு. வாய் வழியா வந்துதான்னுதான் தெரியல.’”

கேமராவையும், வற்புறுத்தித் தன் ஒயரையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

*

வீட்டுக்கு வந்து ரிசீவரை மறுபடி மாட்டினேன். தம்பி சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டெஸ்டரின் ஒயரை மீட்டர் வைத்து அளந்தேன். வளையங்களின் வரிசை சரியாக இருந்தது. சிவப்பு மூடியைக் கழற்றினேன். மஞ்சளை மாட்டினேன். வெள்ளையின் நடுமுனையை லேசாகத் தொட்டேன். ஸ்பீக்கர் உறுமியது. கதவைத் தட்டியாயிற்று. அழுத்தினேன். கேமராவை ஆன் செய்ததும் திரை நீலமானது. டேப் உள்ளே இருப்பதாக மூலையில் ஒரு சின்னப் படம்.

ப்ளே பொத்தானில் விரல் இருந்தது.

அந்தக் குரலைக் கேட்க எனக்கும் ஆசைதான். அம்மாவுடையதாக இருந்தால் கூடுதல் ஆசை. கேமராவுக்குப் பின்னால் அவள், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில், இந்தப் பெரிய ஸ்பீக்கர்களில்.

“போடுக்கா,” என்றான் தம்பி. “என்னத்தை யோசிக்கற, லிஃப்ட் கதவு மாதிரி?”

சின்ன வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் பலகைக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்திருந்தாள் அம்மா. ஒரு டாக்டருக்கும் யாரோ ஒருவருக்கும் லைன் கொடுத்தாள். இருவரும் ‘ஹலோ’ சொன்னதும் மேசையிலிருந்த விசையைத் தட்டி ஹெட்போனை ஒதுக்கினாள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் எடுத்தாச்சு. நாம வெளிய வந்துடணும்.” சற்றுத் தள்ளி ஒரு துளையில் சிவப்பு மரமுளை செருகியிருந்தது. அது ஏன் என்றேன். “ஒரு அம்மா ஊர்லேருந்து கூப்பிடுவாங்க, பையன் ஆபரேஷன்ல இருக்கான். அவங்களுக்கு மட்டும்தான் அந்த லைன். மத்தவங்க யாரும் தொடக் கூடாது.”

“என்னக்கா?”

“இன்னொரு பார்ட்டி இன்னும் லைனுக்கு வரலடா.”

“அப்படியே அம்மா.” முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ஒயரைக் கழற்றினேன். மூடியைத் திரும்பப் போட்டேன். பிறகு வாசல் பக்கம் இருக்கும் போனை எடுத்தேன். அம்மா பேசுவதெல்லாம் இந்தப் போனில்தான். யாரை அழைத்தோம் என்று காட்டுகிற வகை இல்லை. பெரியம்மாவின் எண் எனக்கு மனப்பாடம். தொலைந்துபோனால் சொல்வதற்காக அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எண் அது.

“சொல்லுங்க, யார் வேணும்?” என்றது மறுமுனை.

“பெரியம்மா…”

“குரல் அவ குரலாவே இருக்கு,” என்றார். “பேசு.”

“கேமரா ரெடியாயிடுச்சு பெரியம்மா. டேப் உள்ளயே இருக்கு.”

“பாத்தியா?”

“பாக்கல.”

“ஏன்?”

“நீங்க லைன்ல இல்லையே.”

சிரித்தாரா, இருமினாரா, சொல்லத் தெரியவில்லை. ஒயர் இன்னும் இருக்கிறதா என்றேன்.

“இருக்காம எங்க போகும்? மேசை மேலதான் இருக்கு. அன்னிக்குக் காலையில எடுத்து வெச்சது.”

“என்னிக்கு?”

“அன்னிக்குத்தாண்டி. விடிஞ்சும் விடியாமலும் போன். ‘அக்கா, என் ஒயர் உன்கிட்ட இருக்கு, வாங்கிக்க வரேன்.’ அவ்ளோதான் சொன்னா. இத்தனை வருஷம் கழிச்சு, அவ்ளோதான். நானும் வான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். துடைச்சு, சிக்கெடுத்து, மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வரல. பாரு, இவ என்னிக்குத்தான் சொன்ன பேச்சைக் காப்பாத்தியிருக்கான்னு திட்டினேன். மத்தியானம்தான் யாரோ வந்து சொன்னாங்க.”

வாசல் நாற்காலி எனக்கு நேர் எதிரே இருந்தது. அதன் முதுகில் அந்தத் துணிப்பை. அன்று அவள் கையிலிருந்து எடுத்து யாரோ மாட்டியது. யாரும் தொடவில்லை.

“நான் வரட்டுமா பெரியம்மா?”

“நீ எதுக்கு அலையற? நானே எடுத்துட்டு வரேன்.”

“இல்ல. அம்மா வந்து வாங்கிக்கறேன்னுதானே சொன்னாங்க?”

“ஆமா,” என்றார். “அப்படித்தான் சொன்னா.”

போனை வைத்தேன். கேமராவை உறைக்குள் போட்டு ரிசீவர் பக்கத்தில் வைத்தேன். பெரியம்மா வீடு இங்கிருந்து பஸ்ஸில் சின்னத் தூரம். ஒயரை வாங்க வேண்டும், அவரையும் கூட்டி வர வேண்டும். துணிப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.